கிரைண்டர் ஓடும்போது மட்டும் வந்த இரைச்சல்

2023 மார்ச் 19 அன்று, மரக்காணத்தில் உப்பளத்துக்குப் போகும் சாலையில் இருக்கும் எங்கள் வீட்டு ஹாலில் புது டிவி மாட்டப்பட்டது. அதன் ஒலியை என் பழைய ஆம்ப்ளிஃபயர் வழியாகப் பெரிய ஸ்பீக்கர்களுக்குக் கொடுத்திருந்தேன். டிவியில் வரும் மாதா கோயில் பூசைப் பாடல்களை நல்ல ஸ்பீக்கரில் கேட்க வேண்டும் என்பது பணி ஓய்வுக்குப் பிறகு எனக்கிருந்த ஒரே ஆசை. அதைத் தப்பான ஆசை என்று நீங்களும் சொல்லமாட்டீர்கள், இன்ஸ்பெக்டர்.

மதியத்தில்தான் இரைச்சல் வந்தது. சளி கட்டிய ஆள் ஒருவர் பக்கத்திலேயே உட்கார்ந்து மூச்சுவிடுவதுபோல, பாட்டுக்கு அடியில் ஓர் உறுமல். என் மனைவி சில்வியாவுக்கு அது கேட்கவே இல்லை. எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

எலக்ட்ரீஷியன் பக்தவச்சலம் வந்து கண்டுபிடித்துவிட்டார். பின்பகுதியில் வாடகைக்கு இருந்த ஆராயி கிரைண்டர் போட்டால் இரைச்சல் வரும், அணைத்தால் நிற்கும். காலையில் உப்பளத்துக்குப் போய் வந்து, மதியம் இட்லி மாவு ஆட்டி விற்பவள் அவள். அந்த மோட்டாரில் கசிந்த மின்சாரம் இரண்டு வீட்டுக்கும் பொதுவான எர்த் வயரில் இறங்கி, டிவியிலிருந்து ஆம்ப்ளிஃபயருக்கு வரும் வயர் வழியாக ஸ்பீக்கருக்குள் புகுந்தது.

“அந்தம்மா மோட்டார ரிப்பேர் பண்ணிட்டா முடிஞ்சிபோச்சு சார். இல்லன்னா உங்க டிவி கேபிள்ல ஒரு சின்ன டப்பா மாட்டிக்கலாம்” என்றார்.

என் ஒலி வரும் பாதையில் ஊர்பேர் தெரியாத டப்பா ஒன்றை நுழைக்க எனக்கு மனமில்லை. மோட்டாரைப் பார்ப்பதென்றால் அவள் சமையலறைக்குள் போக வேண்டும். முன்பு குழாய் பார்க்க ஒருமுறை போயிருக்கிறேன். புளித்த மாவு வழிந்து கிரைண்டரின் கால்களில் பொருக்காகக் காய்ந்திருந்தது. சுவிட்சின் மேல் வெள்ளை வெள்ளையாக விரல் தடங்கள். உப்புத் தண்ணீரில் ஊறி வெடித்த குதிகால்களோடு அவள் நடந்த இடமெல்லாம் ஈரம். வீட்டுக்கு வந்து சோப்புப் போட்டுக் கை கழுவினேன். அந்த ஈரம்தான் இப்போது என் ஸ்பீக்கருக்குள் வருகிறது என்று தோன்றியது.

மறுநாள் எர்த் குழி ஓரமாக, பின்பகுதிக்குப் போகும் பச்சை நிற எர்த் வயரைக் கட்டிங் பிளேயரால் வெட்டினேன். இரைச்சல் நின்றது. அன்று பூசையை முழுதாகக் கேட்டேன்.

நான் பள்ளியில் இயற்பியல் நடத்தியவன். எர்த் இல்லாவிட்டால் கசியும் மின்சாரம் இயந்திரத்தின் உடம்பிலேயே நிற்கும், தொடுகிறவர் வழியாகத் தரையில் இறங்கும் என்று கரும்பலகையில் படம் போட்டுச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன்.

சில நாளில் ஆராயி வாசலில் வந்து நின்றாள்.

“சார், கிரைண்டர்ல கைய வெச்சா சுர்ருன்னு இழுக்குது.”

பின்னால் நின்ற அவள் கணவன் இருசப்பன், “கரண்டுக்கும் ஒம்மேல ஆச வந்துடுச்சும்மே” என்றான்.

“ஒனக்குத்தான் வரல, அதுக்காவது வரட்டும்.”

செருப்புப் போட்டுக்கொண்டு ஆட்டும்படி சொன்னேன். அவள் முகத்தைச் சுளித்தாள்.

“சாப்பிடற சாமான்கிட்ட செருப்பா? நல்லாருக்குது சார் நீங்க சொல்றது.”

இந்தப் பக்கம் எந்த வீட்டிலும் மாவாட்டும் இடத்துக்குச் செருப்போடு போகமாட்டார்கள். சில்வியாவும் போகமாட்டாள். ஆராயி போடமாட்டாள் என்பது தெரிந்துதான் சொன்னேன். ஆனாலும் சொன்னது சரியான யோசனை. பிறகும் ஒருமுறை நினைவூட்டினேன்.

மே மாதம் ஒரு மதியம், உப்புப் போகக் குளித்துவிட்டு ஈரத்தோடு வந்து அவள் உளுந்து போட்டிருக்கிறாள். நான் பாட்டுக் கேட்டுக்கொண்டிருந்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் ஏதோ பாத்திரம் விழுந்தது. அதன்பிறகு கிரைண்டர் நிறுத்தாமல் ஓடிக்கொண்டே இருந்தது. என்ன நடந்திருக்கும் என்று எனக்குப் புரிந்தது. பாட்டு முடிந்த பிறகு எழுந்து போனேன். மாவு அவள் தலைமுடியில் ஒட்டியிருந்தது. மெயினை அணைத்துவிட்டு வாசலிலேயே நின்றுகொண்டேன்.

உப்புக்காற்று எர்த் வயரை அரித்ததால்தான் அவள் செத்தாள் என்று பக்தவச்சலம் சொன்னார். இங்கே ஜன்னல் கம்பி, சைக்கிள், கேட் எல்லாவற்றையும் அரிக்கிறது என்பதால் எல்லோரும் தலையாட்டினார்கள். எனக்கு அருவருப்பாக இருந்தது. வெட்டிய முனைக்கும் அரித்த முனைக்கும் வித்தியாசம் பார்க்க ஒருவருக்கும் தெரியவில்லை. அவள் மகள் சந்தியா ஒருத்திதான் குனிந்து பார்த்தாள். அவள் உங்களிடம் கொடுத்த மனுவில் உள்ளது சரி. அது நான் வெட்டியது.

ஜூனில் பின்பகுதிக்குக் கிளியனூரிலிருந்து ஒரு குடும்பம் வந்தது. கிரைண்டர் கிடையாது, மாவைக் கடையில்தான் வாங்குகிறார்கள் என்று விசாரித்த பிறகே விட்டேன். பழைய ஃப்ரிட்ஜ் ஒன்று வைத்திருக்கிறார்கள். சின்னப் பிள்ளைகள் அடிக்கடி அதைத் திறக்கிறார்கள். வயரை நான் இன்னும் சேர்க்கவில்லை.