பாடு இல்லாத படகையும் பார்த்த எங்கள் எலிசபெத் அம்மையாருக்கு

ஏரியும் கடலும் கைகோக்கும் முகத்துவாரத்தருகே முப்பத்தோராண்டு முகஞ்சுளிக்காது பணியாற்றிய முதல்வியே! தட்டச்சராய்த் தடம்பதித்து, மீனவர் எச்சரிக்கை மையத்தின் கணினிப் பிரிவுத் தலைவியாய்த் தலைநிமிர்ந்தவரே! சர்வர் சாய்ந்தாலும் தாம் சாயாதவரே! பெருமதிப்பிற்குரிய அம்மையீர், வணக்கம்!

முகஞ்சுளிக்காது என்றது மடலின் மரபுக்காக. தாங்கள் முகஞ்சுளித்த நாள்கள் உண்டு. பெரும்பாலானவற்றுக்குக் காரணம் நாங்கள்தாம். கடமை, கனிவு, கண்டிப்பு என்று முதலில் அழகாக அடுக்கிப் பார்த்தோம். ஆனால் அந்த ஐப்பசிப் பிற்பகலைச் சொல்லாமல் தங்களை வழியனுப்ப எங்கள் மனம் ஒப்பவில்லை.

நம் ஏரியின் இருநூற்றுப் பதினான்கு படகுகளும் நிமிடந்தோறும் தம் இருப்பிடத்தை அனுப்புகின்றன. முன்பு அவற்றை வாங்கியது ஒற்றைக் கணினி. அது படுத்தால் மையமே படுத்துவிடும். ஓய்வுக்கு ஓராண்டே இருக்க, ஒதுங்கி அமராமல், மூன்று கணினிகளைக் குபெர்நெட்டிஸ் என்னும் மென்பொருள் மேலாளரின்கீழ் ஒரே குழுவாகக் கட்டி, அதன்மேல் ஸ்ட்ரீமிங் டேட்டாபேஸை ஏற்றினீர்கள். ஒரு கணினி விழுந்தால் இன்னொன்று வேலையைத் தோள்மாற்றிக்கொள்ளும்; எந்தப் படகு எங்கே என்று கேட்டபின் தேடாமல், செய்தி வர வர விடையைத் திருத்தித் தயாராக வைத்திருக்கும். சொல்ல எளிது! முதல் மாதம் நினைவகம் போதாமல் நிரல்கள் ஓடும் கன்டெய்னர்கள் விழுந்து விழுந்து எழுந்தன. நாங்களும்தான்.

அந்தச் சுமையைக் குறைக்க நாங்கள் ஒரு குறுக்குவழி கண்டோம். ஏரியில் யார், எங்கே, என்றைக்கு வலைவிடுவது என்பது முறைவைத்து வரும் 'பாடு' என்னும் வழக்கப்படிதானே? அன்று பாடு உள்ள படகுகளை மட்டும் கவனித்தால் போதும் என்று, தங்களைக் கேட்காமலே நிரலில் ஒரு வரி சேர்த்தோம். வெளியூர்க்காரர் எவரும் இந்தத் தவற்றைச் செய்திருக்க மாட்டார். பாடு என்றால் என்னவென்றே தெரியாமல் எல்லாப் படகையும் பார்த்திருப்பார். நாங்களோ குப்பத்துப் பிள்ளைகள், எல்லாம் தெரியும் என்ற நினைப்பு! அவசரத்துக்கு மச்சானிடம் வாய்வார்த்தையாகப் பாட்டை விட்டுக்கொடுப்பது எந்தப் பட்டியலிலும் ஏறாது என்பது எங்களுக்கு அப்போது தோன்றவில்லை.

ஐப்பசியில் அன்று காற்று திரும்பியது. எச்சரிக்கை பறந்தது, படகுகள் திரும்பின, "அனைவரும் கரையில்" என்று திரை பச்சையாய் ஒளிர்ந்தது. நாங்கள் கைதட்டிக்கொண்டிருந்தபோது ரங்கம்மாள் அக்கா உள்ளே வந்தார்.

"எல்லாம் வந்துட்டாங்கன்னு சொல்றீங்களே, எங்க வூட்டுக்காரு எங்கம்மா?"

"உங்களுக்கு இன்னிக்குப் பாடே இல்லியேக்கா" என்றார் லோகேஷ்.

"எங்க அண்ணன் ராமன் பாட்டுல போயிருக்காருப்பா! அண்ணிய பொன்னேரி ஆஸ்பத்திரிக்கு இட்டுனு போயிட்டான்னு இவரு போனாரு."

தாங்கள் எங்களைத் திட்டக்கூட நேரம் எடுத்துக்கொள்ளவில்லை. "இன்னாத்துக்கு மேடம் இடத்த வீணாக்குறீங்க?" என்று முன்பு நாங்கள் முணுமுணுத்தும் கேளாமல், வடிகட்டாத செய்திகள் அனைத்தையும், கன்டெய்னர் விழுந்தாலும் அழியாத தனி வட்டில் சேர்த்து வைத்திருந்தீர்கள். எங்கள் வரியை நீக்கி, காலை முதல் வந்தவற்றை மீண்டும் ஓடவிட்டீர்கள். ஆறு நிமிடம்! ரங்கம்மாள் அக்கா தங்கள் நாற்காலியை இறுகப் பற்றியபடியே நின்றார். பிறகு அவர் கணவர் முனியன் அண்ணனின் படகு திரையில் வந்தது. இன்ஜின் நின்று, முகத்துவாரத்து இழுப்பில் கடலை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. தாங்கள் கைப்பேசியில் இடம் சொல்லச் சொல்ல, கரைக்குத் திரும்பியிருந்த அந்தோணிசாமி அண்ணன் தம் படகில் விரைந்து, கயிறு கட்டி இழுத்து வந்தார். முனியன் அண்ணன் கரையில் கால்வைத்த பிறகுதான் எங்களுக்கு மூச்சு வந்தது.

மையத்தை நடத்தும் மீனவர் சங்கக் கூட்டத்தில் யார் செய்த தவறு என்று கேட்டார்கள். "என் பிரிவு, என் தப்பு" என்று எழுந்து நின்றீர்கள். முப்பத்தோராண்டுப் பணியில் தங்களுக்கு வந்த ஒரே எச்சரிக்கைக் கடிதம் அது. நாங்கள் வாயே திறக்கவில்லை. வெட்கமாக இருக்கிறது அம்மா.

இன்று இருநூற்றுப் பதினான்கு படகுகளும் திரையில் இருக்கின்றன. நினைவகத்தைக் கூட்டினோம், கன்டெய்னர் விழுந்தாலும் தானே எழுந்து, விட்ட இடத்தில் தொடர்கிறது, அந்த நாளுக்குப்பின் ஒரு படகும் விடுபடவில்லை. ஆகவே, அன்னையே, நோய்நொடி நெருங்காது நெடுநாள் வாழுங்கள்! மழைக்காலத்தில் கைப்பேசி அடித்தால் அது மகளின் அழைப்பாகவே இருக்கட்டும்! காற்று திரும்பினால் சன்னலைச் சாத்திவிட்டு உறங்குங்கள்!

தங்களுக்கு இன்னும் தெரியாத ஒன்று. அந்த வரியை எழுதியவர்கள் யார் என்று சென்ற வாரம் சங்கத்துக்கு எழுதிக் கொடுத்துவிட்டோம். தங்கள் பணிப்பதிவேட்டிலிருந்து அந்தக் கடிதத்தை நேற்று நீக்கிவிட்டார்கள். இப்போது அது எங்கள் இருவர் பெயரிலும் வந்திருக்கிறது. கையெழுத்திட்டு வாங்கிக்கொண்ட பிறகுதான் இந்த மடலை எழுத உட்கார்ந்தோம்.

என்றும் தங்கள் அன்பில்,
பவித்ரா, லோகேஷ்
மற்றும் கணினிப் பிரிவு ஊழியர்கள்,
பழவேற்காடு