அம்பது நிமிஷம் தாமதமான ரத்தம்

என்னைப் போய் துணி மடிக்கப் போட்டிருக்காங்க பாருங்கக்கா. பதினாறு வருஷமா வார்டுலேர்ந்து லேபுக்கு ரத்தம் கொண்டுபோனவன் நான். ஒரு குழாய் உடைஞ்சதில்ல, ஒரு குழாய் மாறினதில்ல... இந்தப் போர்வையை நாலா மடிக்கணுமா? சரி.

நடந்ததைக் கேளுங்க. போன வாரம் பச்சக்குழந்தைங்க வார்டு. ஒரு பிள்ளை, பொறந்து ஒரு நாள்தான், மூச்சு வாங்குது. நெஞ்சு உள்ள இழுத்து இழுத்து விடுது. நுரையீரல்ல தண்ணி நின்னிருந்தா தானா வத்திடுமாம். கிருமின்னா மருந்து ஏத்தணுமாம். வெளியில பாத்தா ரெண்டும் ஒரே மாதிரிதான். ரத்தத்துல ஏதோ ஒண்ணு இருக்காம், அது ஏறியிருந்தா கிருமின்னு பிடிச்சிடலாமாம். டாக்டரம்மாவே சொன்னாங்க. சொல்லாட்டி நான் நகரமாட்டேன்னு அவங்களுக்குத் தெரியும்.

குதிகால்ல குத்தி எடுத்தாங்க. அந்தப் பாதம் என் கட்டைவிரல் நீளம்தான் இருக்கும். அழக்கூட மூச்சு பத்தல அதுக்கு. "அரை மணிக்குள்ள போய்ச் சேரணும்"னு குடுத்தாங்க. கொண்டுபோனேன். லேப்காரம்மா கடியாரத்தைப் பாத்துட்டு, "நேரம் தாண்டிடுச்சு, வேற எடுத்துட்டு வாங்க"ன்னு ஒரே பேச்சு. என்ன திமிரு பாருங்க. லிஃப்ட்டுக்கு எவ்வளவு நேரம் நிக்கணும்னு அவங்களுக்குத் தெரியுமா?

அன்னிக்கா? அன்னிக்கு லிஃப்ட் நல்லாத்தான் ஓடுச்சு.

சரி, உங்ககிட்ட சொல்றதுக்கென்ன. வழியில வாச்மேன் நின்னாரு. மக வேலையை விட்டுட்டு வந்துடுச்சுன்னு முகமே வாடிப்போயிருந்துச்சு. ஒரு மனுஷன் அப்படி நிக்கும்போது பாக்காத மாதிரி போறதா? என் மாப்ள மூணு வேலையை விட்ட கதையைச் சொன்னேன். அவர் ரெண்டு வார்த்தைதான் பேசினாரு. மிச்சம் அம்பது நிமிஷமும்... நாந்தான்.

மறுபடி குத்துனாங்கக்கா. இன்னொரு குதிகால்ல. நான் வாசல்ல நின்னு பாத்தேன். இந்தத் தடவை லிஃப்ட்டுப் பக்கமே போகல, படியில இறங்கி ஓடுனேன். வாச்மேன் கூப்பிட்டாரு, திரும்பல. கிருமிதான்னு வந்துச்சு. மருந்து ஏத்துனாங்க. நாலாம் நாள் மூச்சு அடங்கி, பால் குடிச்சுது.

நேத்து பிள்ளையைத் தூக்கிக்கிட்டு வீட்டுக்குப் போறாங்க. நான் அழுக்குத்துணி வண்டியைத் தள்ளிட்டு வர்றேன். பெத்த பொண்ணு பிள்ளையைத் தோள்ல சாச்சுக்கிட்டு என் முன்னாடி வந்து நிக்குது. "அண்ணே, அன்னிக்கு நீங்க படியில ஓடுனதைப் பாத்தேன். என் பிள்ளைக்காக யாரு அப்படி ஓடுவா?"ன்னு கேட்டுச்சு.

இவ்வளவு பேசறேனே... அதுகிட்ட ஒரு வார்த்தை வரலக்கா.