பிரிட்ஜ் மேல இருந்த கத்திரிக்கோல்

"'ஆன்ட்டி, எங்க வீட்டுக்குள்ள நாங்க பேசிக்கறதுக்கு நீங்க எதுக்குப் பதில் சொல்றீங்க?'ன்னு கேட்டுட்டாண்ணே, பக்கத்து வீட்டுக்காரி! ஆன்ட்டியாம்... அவளுக்கும்தான் காதோரம் நரைச்சிருக்கு. நீங்க பலகையை அளங்க, அளந்துக்கிட்டே கேளுங்க.

அப்படி என்ன சொல்லிட்டேன்? அவ புருஷன் கத்திரிக்கோல் எங்கே, கத்திரிக்கோல் எங்கேன்னு வீட்டையே உருட்டிக்கிட்டு இருக்கான். இவ குத்துக்கல்லாட்டம் இருக்கா. முந்தின நாள் இவதானே, 'பிரிட்ஜ் மேல வெச்சா குழந்தைக்கு எட்டாது'ன்னா? எனக்குப் பொறுக்கலை. இந்த சமையலறை வென்டிலேட்டர் வழியா, 'பிரிட்ஜ் மேல!'ன்னு ஒரு குரல் குடுத்தேன். அங்கதான் இருந்துச்சு! அந்த வீட்டு வாசப்படி மிதிச்சதில்லை நான். ஒரு நன்றி உண்டா?

கான்வென்ட்ல படிச்சவண்ணே நான். கேள்வி கேட்டா பதில் சொல்லணும், இல்லேன்னா சிஸ்டர் முட்டி போட வெச்சுடுவாங்க.

ஒட்டுக் கேக்கறேனாம்! காதுக்கென்ன கதவா இருக்கு? ஐயோ, அங்க ஓட்டை போடாதீங்க, டைல்ஸ் போயிடும்... என்ன சொன்னேன்? ஆங், காது. எங்க வீட்டுக்காரர் கப்பல் வேலைக்குப் போறதுக்கு முன்னாடி, எம்பொண்ணு ஹாஸ்டலுக்குப் போறதுக்கு முன்னாடி, இதே சுவர்தான், இதே வென்டிலேட்டர்தான். ஒரு சத்தம் கேட்டிருப்பேனா? இப்ப அவ கரண்டியைக் கீழ வெச்சா கேக்குது. பெருமூச்சு விட்டா கேக்குது. சிரிச்சாங்களோ போச்சு, என்னைச் சொல்லித்தான் சிரிக்கறாங்கன்னு தோணுது. ஒருநாள் 'என்ன அங்க சிரிப்பு?'ன்னு அதட்டியே விட்டேன். பார்த்தா, குழந்தை அவங்கப்பா செருப்பை மாட்டிக்கிட்டு நடந்ததுக்குச் சிரிச்சாங்களாம்... மானமே போச்சு!

அதான் இந்த வென்டிலேட்டரைப் பலகை வெச்சு மூடச் சொன்னேன். அவ மூடச் சொல்லலைண்ணே, நானாத்தான். எனக்கும் ரோஷம் இருக்குல்ல?

முடிஞ்சுதா? அதுக்குள்ளயா! காசு மேஜை மேல இருக்கு, எடுத்துக்குங்க. எங்கே... ம். ஒண்ணுமே கேக்கலை. நல்ல வேலைக்காரர்தான் நீங்க.

இந்நேரத்துக்கு அந்தக் குழந்தை பாட ஆரம்பிக்கும். ரெண்டாவது வரியை முழுங்கிடும். நான்தான் இங்கிருந்து எடுத்துக் குடுப்பேன். இப்பவும் முழுங்கிட்டு நிக்குதோ என்னமோ...

அண்ணே, அந்த ஓரத்து ஸ்க்ரூ ஒண்ணை மட்டும்... ஒரு விரல் அளவு இடம் போதும்... என்னது, லிஃப்ட் சத்தம் கேக்குது? அண்ணே? ஒரே ஒரு ஸ்க்ரூண்ணே... கொஞ்சம் தளர்த்தி விட்டுட்டுப் போங்களேன்!"