மீனுக்கு ஒரு இன்வெர்ட்டர்

— சாவி தொலைஞ்சுபோச்சுன்னு மட்டும் சொல்லிராதீய தம்பி. சட்டப் பையில துருத்திக்கிட்டு நிக்கி.

— தொலையல மதினி. இப்பத் தெறக்க வேண்டாம்னுதான் சொல்லுதேன்.

— ஏன், தெறந்தா பறந்து போயிருமோ?

— பறக்காது. மெரண்டுரும்.

— எது மெரண்டுரும்?

— உள்ள ஒரு சோடி இருக்கு. முந்தாநாள்தான் சேந்துச்சு.

— நல்லாருக்கு தம்பி. ரொம்ப நல்லாருக்கு. நீங்களும் என் தங்கச்சியும் குடியிருந்த ரூமு. ப்ரியா போயி முழுசா ஒம்பது மாசம் ஆகல, அதுல சோடி சேத்து வச்சிருக்கீய. எதுத்த வீட்டு வெயிலுகந்தம்மா அக்கா போன்ல சொல்லும்போது, சவம் இவளுக்கு வேற சோலி இல்லன்னு நெனச்சேன்.

— என்ன சொன்னாங்க?

— என்னதான் சொல்லல. 'மாரிசெல்வி, ஒந்தங்கச்சி மாப்பிள்ள சன்னலெல்லாம் தெர்மாகோல் வச்சு அடச்சிட்டாரு. உள்ள எந்நேரமும் கொர்ருன்னு ஒரு சத்தம். கல்லுப்பு மூடையா வந்து எறங்குது. தெனமும் முட்ட அவியுது. ஒத்த ஆளு இருக்க வீட்ல பேச்சுக்கொரலு கேக்கு'ன்னா. பசுவந்தனையில இருந்து மொத பஸ்ஸப் பிடிச்சு வந்துட்டேன். ஆம்பள தனியா இருக்க வீட்ல சன்னல எதுக்கு அடைக்கணும்?

— சூடு ஒரே மாதிரி நிக்க.

— கோயில்பட்டி வெயிலு போதலியாக்கும் உங்களுக்கு.

— பகல்ல ஏறக் கூடாது. ராத்திரி எறங்கக் கூடாது. இருபத்தெட்டுலயே நிக்கணும்.

— யாருக்கு நிக்கணும்? ஆசுபத்திரி மாதிரி பேசுதீய. சரி, அந்தப் பேச்சுக்கொரலு?

— என் கொரல்தான்.

— யாருகூட?

— மீனுகூட.

— என்னப் பாத்தா எப்படித் தெரியுது உங்களுக்கு? தெறங்க தம்பி. தெறந்து காட்டிருங்க, நான் பாட்டுக்குப் போயிருதேன்.

— செருப்ப வெளிய விடுங்க. லைட்டப் போடக் கூடாது. கண்ணாடியில தட்டாதீங்க.

— இருட்டுல வச்சு என்னத்தக் காட்டப் போறீயளோ. ஆத்தாடி, இது என்ன, சுவத்துக்குச் சுவரு தொட்டியா அடுக்கியிருக்கீய.

— பதினெட்டு இருக்கு.

— கட்டில் எங்க?

— மொட்டமாடியில.

— பீரோ?

— ஹால்ல நிக்கில்லா, பாத்துட்டுத்தான வந்தீங்க. கதவுக்குப் பின்னாலயும் பாத்துக்கிடுங்க மதினி. ஆள் ஒளியுத அளவுக்கு எடம் கெடையாது.

— பாக்கத்தான் செய்யுதேன். இந்த மூலையில தரைய ஒடச்சுப் புதுசா சிமெண்டு போட்டிருக்கீயளே. எதப் பொதச்சீய?

— ஒன்னும் பொதைக்கல. நம்ம கரிசல் மண்ணு மழைக்கு உப்பும், கோடைக்கு வெடிக்கும். தரை ஒரு வெரக்கட எறங்கினாலும் ஸ்டாண்டு சாஞ்சிரும், தொட்டி விரிசல் விட்டுரும். ரெண்டு தொட்டி அப்படிப் போச்சு. அதான் தோண்டிக் கம்பி கட்டிக் காங்கிரீட் போட்டேன்.

— எல்லாத்துக்கும் பதில் வச்சிருக்கீய. இந்த நீல டிரம்முல?

— மழத்தண்ணி. போர்த் தண்ணி ஒரே உப்பு, அதுல முட்ட பொரியாது. குழாத் தண்ணியில மருந்து வாட. ஐப்பசி மழைய மாடியில பிடிச்சு வச்சேன்.

— ஐப்பசியிலயா?

— ம்.

— ஆவணியில அவ போறா. ஐப்பசியில நீங்க மீனுக்குத் தண்ணி பிடிக்கீய. ரெண்டே மாசம். கண்ணீரு காயுததுக்குள்ள டிரம்மு வாங்கிட்டீய.

— ஆமா.

— ஆமாங்கீயளே தம்பி. கொஞ்சங்கூடக் கூச்சமில்லாம.

— நடந்ததுதான மதினி.

— கல்லுப்பு?

— குஞ்சுக்குத் தீனி. எறால் வகையில பொடிசா ஒன்னு இருக்கு, அதோட முட்ட உப்புத் தண்ணியிலதான் பொரிக்கும். அந்தா தலகீழாத் தொங்குதுல்லா பாட்டிலு, அதுல இருக்கு. அது பொரிக்கலேன்னா அவிச்ச மஞ்சக்கருவத் துணியில பிழிஞ்சு விடுவேன்.

— அப்பம் அந்தச் சோடி?

— இந்தப் பக்கம். பைய வாங்க. நெழல் விழாமக் குனிஞ்சு பாருங்க.

— இதுவா? பட்டம் மாதிரி தட்டையா, வாலு நீட்டிக்கிட்டு.

— ஏஞ்சல் மீனு.

— சாச்சு வச்ச கல்லுல குருண அரிசி கணக்கா என்னது ஒட்டிக்கிட்டு இருக்கு?

— முட்ட. முந்நூறு இருக்கும்.

— ரெண்டும் அதையே விசிறிக்கிட்டு நிக்கி.

— ஆணும் பொண்ணும் மாறி மாறி விசிறும். தண்ணி ஓட்டம் நின்னா முட்டையில பூசணம் பிடிச்சிரும்.

— ஆணுமா விசிறும்?

— ஆணுந்தான்.

— ம். மீனுல இருக்கு. நான் வந்து நின்னா மெரண்டுரும்னீயளே, மெரண்டா என்ன செய்யும்? ஓடிருமா?

— தின்னுரும்.

— எத?

— முட்டைய. ஆபத்து வந்துட்டுன்னு நெனச்சா, அதுவே மொத்தத்தையும் தின்னுரும்.

— சவம். பெத்தது தின்னா வெளிய யாருகிட்டப் போயிச் சொல்ல. சரி, நகந்துக்கிடுதேன், தின்னுத் தொலைச்சிரப் போவுது. மீனுதாங்கது உறுதியாச்சு. ஆனா எனக்கு மனசு ஆறல தம்பி. காலேஜ் லேபு வேலைய விட்டுட்டீயளாமே, அது நெசமா?

— மாசி மாசம் விட்டேன்.

— நெரந்தர வேலைய விட்டுட்டு மீனுக்கு முட்ட அவிக்கீய. கிறுக்குன்னு ஊரு சொல்லும். நான் சொல்ல மாட்டேன். நீங்க கிறுக்கு இல்ல. எதையோ மனசுல வச்சுத்தான் செய்யுதீய.

— வச்சுத்தான் செய்யுதேன்.

— அதச் சொல்லுங்க.

— லேபுக்குக் காலையில எட்டு மணிக்குப் போனா, திரும்ப ஆறாவுது. பானு ஸ்கூல் விட்டு மூணரைக்கு வந்தா வீட்ல ஆள் வேணும்ல. இதுன்னா நான் வீட்லயே இருப்பேன். குஞ்சு பெருசானா மதுரக் கடைக்காரரு வந்து வெலைக்கு எடுத்துக்கிடுவாரு.

— பானுவா? எங்கிட்ட இருக்க உங்க மகளா?

— நம்ம பானுதான் மதினி. ஜூன்ல ஒன்னாங்கிளாஸ். பக்கத்து ஸ்கூல்ல சொல்லி வச்சிருக்கேன். அவளக் கூப்பிட ஞாயித்துக்கெழம பசுவந்தனைக்கு வரலாம்னு இருந்தேன்.

— வரலாம்னு இருந்தீயளா. என்கிட்ட ஒரு வார்த்த கேக்கணும்னு தோணலயாக்கும். ஒம்பது மாசமா என் சேலையப் பிடிச்சுக்கிட்டுத்தான் ஒறங்குதா. பெரியம்மா பெரியம்மான்னவ இப்பம் பாதி நேரம் அம்மான்னு கூப்பிடுதா. எங்க வீட்டு அவிய, அவளுக்குன்னு ஒரு ஆட்டுக்குட்டியே பிரிச்சுக் குடுத்துருக்காவ. தெரியுமா?

— தெரியும். நீங்க செஞ்சத நான் மறக்க மாட்டேன்.

— மறக்க மாட்டேன்னு சொன்னாப் போதுமா? சுத்திப் பாருங்க. காலு வச்ச எடமெல்லாம் ஒயரு, தண்ணி, கண்ணாடி. ஆறு வயசுப் பிள்ள நடமாடுத வீடா இது? ஷாக் அடிச்சா?

— ஒயரெல்லாம் இடுப்புக்கு மேலதான் போகுது. ஒவ்வொரு பிளக்குக்கும் பேரு எழுதி ஒட்டிருக்கேன். கேக்காம எதையும் உருவ முடியாது.

— பேரு எழுதி ஒட்டிருக்காவளாம். இருங்க, ஹால்ல ஃபேன் நின்னுட்டே. கரண்ட் போயிட்டு.

— ம்.

— இங்கன மட்டும் கொர்ருன்னு ஓடுது?

— அது இன்வெர்ட்டர்ல ஓடுது.

— எதுல?

— இன்வெர்ட்டர் மதினி. தொட்டிக்குக் காத்தடிக்க மோட்டாரு நின்னா இத்தன மீனும் தாங்காது.

— மீனுக்கு இன்வெர்ட்டர் வச்சிருக்கீய.

— மதினி.

— மீனுக்கு. இந்த ஒத்தச் சாண் சவத்துக்கு. என் தங்கச்சி மூக்குல குழாய மாட்டிக்கிட்டு ஹால்ல கெடந்தாளே, அது உசுரு இல்லியா? கரண்ட் போயி ஆக்ஸிஜன் மிஷின் நின்னு செத்தாளே. நீங்கதான சொன்னீய. நாலு மணிக்குப் போன் போட்டு உங்க வாயாலதான சொன்னீய. அப்பம் இந்தப் புத்தி எங்க போச்சு?

— இப்ப வேண்டாம் மதினி. உக்காருங்க.

— ஒம்பது மாசமா வாயப் பொத்திக்கிட்டு இருந்தேன். இருபத்தேழு வயசுல பொண்டாட்டியப் பறிகொடுத்த பிள்ளைய நாமளும் கொத்தக் கூடாதுன்னு இருந்தேன். எங்க இருக்கு அந்தச் சவத்து இன்வெர்ட்டரு? நான் பாக்கணும்.

— மாடிப்படிக்குக் கீழ. எதுக்கு உங்களுக்கு?

— பாக்கணும். நகருங்க. இதுதானா? ஏன் இம்புட்டு ஒட்டடை? மீனுக்கு வாங்குனதுன்னா புதுசால்லா இருக்கணும்.

— மதினி, எந்திரிங்க. சேலையெல்லாம் அழுக்காவுது.

— பேட்டரியில சீட்டு ஒட்டிருக்கான். வாங்கிய தேதி. ஜூன் ரெண்டு. இது போன வருசம்லா?

— ம்.

— போன வருசம் ஜூன்ல அவ உசுரோட இருந்தா. ஆவணின்னா ஆகஸ்டு கடைசி. அப்பம் இது மீனுக்கு வாங்குனது இல்ல.

— இல்ல.

— அவளுக்கா வாங்குனீய?

— மிஷின் வந்த மறுநாளே வாங்கி மாட்டிட்டேன்.

— அப்பம் கரண்ட் போனாலும் மிஷின் ஓடியிருக்கும்.

— ஓடியிருக்கும்.

— அப்பம் நீங்க எங்க எல்லாருகிட்டயும் சொன்னது பொய்யி.

— ஆமா. பொய்தான்.

— என் முகத்தப் பாத்துச் சொல்லுங்க. எதுக்குப் பொய் சொன்னீய?

— அத மட்டும் கேக்காதீங்க. பானு உங்ககிட்டயே இருக்கட்டும். ஞாயித்துக்கெழம நான் வரல. எப்பவும் வந்து கேக்க மாட்டேன்.

— பிள்ளையவா விட்டுத் தாரீய? இப்பந்தான பிள்ளைக்காக வேலைய விட்டேன்னீய, தரையக் கொத்துனேன்னீய. பிள்ளையக் குடுத்தாவது மறைக்கணும்னா, அது எம்புட்டுப் பெருசா இருக்கணும் தம்பி?

— மோர் இருக்கு. குடிச்சிட்டு அடுத்த பஸ்ஸுக்குக் கெளம்புங்க மதினி. நான் கொண்டுவந்து விடுதேன்.

— உங்க கையால இனி பச்சத்தண்ணி வாங்க மாட்டேன். அவ நல்லாயிருந்தான்னு சொல்ல நான் ஒருத்தி சாட்சி இருக்கேன், அத மறந்துறாதீய. அன்னைக்குச் சனிக்கெழம. பதினொன்னரைக்கு வந்தேன். நீங்க லேபுக்குப் போயிருந்தீய. தலைய வாரிவிட்டேன். சிரிக்கச் சிரிக்கப் பேசுனா. பசிக்குதுக்கான்னா. சோத்தக் கொழைய வடிச்சு அரைச்சுக் குடுக்கலாம்னு போனா, அடுப்படிப் பிளக்கு கருகிக் கெடக்கு. அத மாத்தக்கூட ஒரு ஆம்பளைக்கு நேரமில்ல. மிக்ஸியத் தூக்கிட்டு ஹாலுக்கு வந்து, அவ கட்டிலுக்கிட்ட வச்சுத்தான் அரைச்சேன். ரெண்டு கரண்டி குடிச்சா. அசதியா இருக்குக்கான்னு கண்ண மூடிட்டா. எனக்கு ரெண்டு மணி பஸ்ஸு. வீடே அம்முன்னு கெடந்துச்சு. நல்லா ஒறங்கட்டும்னு கதவப் பையச் சாத்திட்டுப் போனேன். அதுக்குப் பெறகு இந்த வாசல மிதிச்சது நீங்க ஒரு ஆளுதான். ரெண்டுக்கும் நாலுக்கும் நடுவுல அவள என்ன செஞ்சீய?

— ஒன்னும் செய்யல. சனிக்கெழம லேபு சீக்கிரம் விட்டுரும். நான் மூணரைக்கு வரும்போதே முடிஞ்சுபோச்சு.

— நம்பச் சொல்லுதீயளா?

— நம்ப வேண்டாம். நான்தான் செஞ்சேன்னே வச்சுக்கிடுங்க. அதோட விட்டுருங்க.

— வச்சுக்கிடுதேன். பானுகிட்டயும் அப்படியே சொல்லுதேன். இன்னைக்கே, மடியில உக்கார வச்சு, ஒங்கம்மா தானாச் சாகல, மிஷின நிறுத்திக் கொன்னது ஒங்கப்பன்தான்னு சொல்லுதேன். அவ பெருசாகி அத நெனச்சுக்கிட்டே வாழட்டும்.

— பிள்ளகிட்ட அப்படிச் சொல்லாதீங்க மதினி. கும்பிட்டுக் கேக்கேன்.

— சொல்லத்தான் செய்வேன். சொல்லக் கூடாதுன்னா இப்பமே நெசத்தச் சொல்லுங்க. ஓடிக்கிட்டு இருந்த மிஷின நிறுத்துனது யாரு?

— அன்னைக்கு ஹால்ல எந்தப் பிளக்க உருவிட்டு மிக்ஸிய மாட்டுனீங்க மதினி?