விமானியின் இருக்கையிலிருந்து ஒரு தெரு

தலைமையேற்றிருக்கும் மாதிரி விமானக் கழகத் தலைவர் அவர்களே! மேடையில் அமர்ந்திருக்கும் கண்காட்சிக் குழுவினரே! முன்வரிசையில் இருக்கும் டாக்டரின் தங்கை அவர்களே! அண்ணனிடம் ஒருமுறையாவது வாயைத் திறந்து காட்டிய பெருமக்களே! கடைசல் பட்டறைக்காரனின் வணக்கம்.

பல் மருத்துவர், நம் கழகத்தின் முதுகெலும்பு, டாக்டர் அண்ணன் போய்விட்டார். ஈடு செய்ய முடியாத இழப்பு என்று எனக்கு முன்னால் நான்கு பேர் சொல்லிவிட்டார்கள். அதையே ஐந்தாவது ஆளாக நானும் சொல்ல வேண்டுமா?

அவர் கை எப்படிப்பட்ட கை! நம் பல்லைச் சுரண்டிய அதே ஊசியால்தான் மாதிரி விமானத்தின் இறக்கையில் தகடுகள் சேரும் கோடுகளைக் கீறுவார். "கழுவுவீங்களா அண்ணே?" என்று கேட்டேன். "எந்தப் பக்கம் போறப்ப?" என்றார். நம்மில் யார் செய்த சக்கரம் உடைந்தாலும், யார் பூசிய வர்ணம் திரிந்தாலும், அவர் வீட்டுக் கதவைத்தானே தட்டினோம்?

அந்த அண்ணன் தமக்கென்று செய்தது ஒரே ஒரு விமானம். எதிரியின் போர் விமானம். நீளமான மூக்கு, இறக்கைக்குள் துப்பாக்கி. "நம்ம ஊர்ல குண்டு போட்டவன் விமானத்துக்கு இத்தனை சிங்காரமா?" என்று இதே அரங்கில் சிலர் முணுமுணுத்தீர்கள். எதற்கு என்று அவரை யாராவது கேட்டீர்களா?

நான் கேட்டேன். சண்டைக் காலத்தில் அந்த விமானம் அவர்கள் தெருவுக்குள் தாழப் பறந்து சுட்டது. வாசலில் நின்ற சிறுவன் அதன் வயிற்றைப் பார்த்தான். தெருக்குழாயில் தண்ணீர் பிடிக்கப் போன அவன் அக்கா, இடுப்பிலிருந்த நாலு வயதுத் தங்கையைச் சாக்கடைக்குள் வீசிவிட்டுச் செத்தாள். அந்தச் சிறுவன்தான் நம் அண்ணன். அந்தத் தங்கைதான் இதோ உட்கார்ந்திருக்கிறார்.

"விமானத்து மூக்கு மறைச்சிருக்கும், பொண்ணு நிக்கிறது தெரிஞ்சிருக்காது" என்று ஊரார் தேறுதல் சொன்னார்கள். மெய்தானா? அண்ணன் வாழ்நாள் முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்த கேள்வி அது ஒன்றுதான். அதற்காகவே விமானத்தைச் செய்தார். பிறகு அந்தத் தெருவையும் செய்தார். அப்போது அவர்களின் பழைய வீடு இடிபடாமல் இருந்தது. சுவரில் குண்டு துளைத்த ஓட்டைகளில் குச்சியை விட்டு, அது எந்தச் சாய்வில் வந்தது என்று பார்த்து, அதே சாய்வில் விமானத்தைக் கம்பியில் நிறுத்தினார். விமானியின் இருக்கையில் கண்ணை வைத்துப் பார்த்தார். குழாயடியில் நிறுத்திய அக்கா பொம்மை ஒரு கரும்புள்ளி! ஆளா கல்லா என்றே தெரியவில்லை. ஓடிப்போய்த் தாயாரிடம் சொன்னார்: "அவனுக்குத் தெரியலம்மா. தெரியாமத்தான் சுட்டிருக்கான்." அந்த அம்மா நிம்மதியாகக் கண்ணை மூடினார்.

ஆனால் அன்பர்களே, அண்ணன் அக்காவுக்காக வைத்தது, மாதிரி ரயிலோடு வைக்கக் கடையில் விற்கும் மனிதப் பொம்மை. ஒரு நாள் விமானிப் பொம்மையையும் அவளையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தியபோதுதான் கவனித்தார். அவள் அவன் இடுப்புக்கு இருந்தாள்! ரயில் பொம்மையின் அளவு வேறு, விமானத்தின் அளவு வேறு. நேற்றுச் சேர்ந்த உறுப்பினருக்கும் தெரிந்த பாடம் இது. மயிரிழை பிசகாத மனிதர் இதில் பிசகலாமா? மனசு கேட்ட விடையைக் கை கொடுத்துவிட்டது. வேறென்ன சொல்ல!

பல் செய்யும் மாவில் அக்காவைச் சரியான அளவில், இடுப்பில் குழந்தையோடு மறுபடி செதுக்கினார். என்னைக் கூப்பிட்டார். "நீ பாருடா. எனக்குத் தைரியமில்ல."

பார்த்தேன். மூக்கு மறைக்கவில்லை. குண்டு அவள் மேல் பட வேண்டுமென்றால் மூக்கு அவள் பக்கம் குனிந்தாக வேண்டும். குனிந்தால் அவள் தெரிவாள்.

"இடுப்புல குழந்தை?"

"தெரியுதுண்ணே."

அண்ணன் விளக்கை அணைத்தார். வாசல் வரை வந்து, "தங்கச்சிக்கு மட்டும் சொல்லிடாதே. அது தாங்காது" என்றார். பத்தே நாளில் போய்விட்டார். மாரடைப்பு என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். எழுதட்டும்.

நான் வாக்கைக் காப்பாற்றினேன். ஆனால் முந்தாநாள் அண்ணன் அறையை ஒழிக்க வந்த தங்கை, நான் தடுப்பதற்குள் குனிந்து இருக்கையில் கண்ணை வைத்துவிட்டார். வெகுநேரம் பார்த்தார். பிறகு அவர் சொன்னதை, அவர் அனுமதியோடு சொல்கிறேன்.

"இதுக்கா இவ்வளவு பாடுபட்டாரு? எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா? நான் அவன் மூஞ்சியைப் பார்த்தேன். என்னைத்தான் பார்த்துக்கிட்டிருந்தான். அண்ணனுக்குத் தெரிஞ்சா தாங்காதுன்னு இத்தனை வருஷமா வாயைத் திறக்கல."

ஐயோ, அண்ணா! ஒரே வீட்டில், ஒரே சாப்பாட்டு மேசையில், ஒருவரை ஒருவர் காப்பாற்றிக் காப்பாற்றியே காலம் போய்விட்டதே!

கண்காட்சிக் குழுவினரே! விமானம் மட்டும் போதும், தெரு வேண்டாம், பார்க்கிறவர்கள் மனசு கஷ்டப்படும் என்று சொல்லி அனுப்பினீர்கள். கழகத்தின் சார்பில் இந்த மேடையிலேயே பதில் சொல்கிறேன். தெரு இல்லாமல் அந்த விமானம் உங்கள் கண்காட்சி அரங்கின் படியேறாது. தெருவில் அண்ணன் விட்டுப்போன மிச்ச வேலையை நாங்கள் முடிப்போம், அவர் நிறுத்திய அதே சாய்வில் நிறுத்துவோம். வருகிறவர்கள் விமானியின் இருக்கையில் கண்ணை வைத்துப் பார்க்கட்டும். கஷ்டப்படட்டும். நிமிர்ந்ததும், "அவனுக்குத் தெரிஞ்சிருக்குமா?" என்று கேட்பார்கள். பக்கத்தில் ஒரு நாற்காலி போடுகிறோம். தங்கை அங்கே உட்கார்ந்திருப்பார். அவரைக் கேட்கட்டும்.