பதினோரு தடவை செத்த படம்

சும்மா என்னத்தையாவது பேசுங்கன்னா எதைப் பேசறது சார்? எழுதிக் குடுத்தா கடகடன்னு படிச்சிடுவேன், முப்பது வருஷமா அதானே பொழப்பு. சொந்தமா பேசச் சொன்னா நாக்கு ஒட்டிக்குது. பிடிச்ச படமா? சொல்லலாம். ஆனா எனக்குப் பிடிச்சதெல்லாம் சூப்பர் ஹீரோ படம், பரவாயில்லையா? சிரிக்காதீங்க, கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நல்லாத் தெரியுது.

அம்பத்தாறு வயசுல உனக்கு என்னடி இதுன்னு வீட்டுக்காரரும்தான் கேப்பார். எனக்குச் சோறு போட்டதே அந்தப் பறக்கறவங்கதான் சார். வெளிநாட்டுப் படத்துக்குத் தமிழ்ல குரல் குடுக்கறோம்ல, அதுல நான் கூட்டம். ஹீரோவும் வில்லனும் அடிச்சுக்கும்போது நடுத்தெருவுல மாட்டிக்கிட்டு ஐயோ அம்மான்னு ஜனம் கத்துதே, அதான் நாங்க. நாலு பேர் ஒரு மைக்கைச் சுத்தி நின்னு நானூறு பேரா கத்துவோம்.

அதனால நீங்க பாக்கற மாதிரி நான் படம் பாக்கறதில்ல. எவன் எவ்வளவு இடிக்கறான்னுதான் பாப்பேன். காந்தக் கைக்காரன் படம் ஒண்ணு வந்துதே, ஊரே அவனைத் தலையில தூக்கி வச்சு ஆடுச்சு. எனக்கு அவனைக் கண்டாலே ஆகாது. ஒத்தைத் திருடனைப் பிடிக்க ஓடற பஸ்ஸை இழுக்கறான், பாலத்தைப் பேத்து எடுக்கறான். அந்த ஒரு படத்துல நான் பதினோரு தடவை செத்தேன் சார். பாலத்து மேல கிழவியா, பஸ்ஸுக்குள்ள கர்ப்பிணியா, கீழ படகுல போறவளா. கடைசியில இடுப்புல கை வச்சுக்கிட்டு நகரத்தைக் காப்பாத்திட்டேன்றான். எந்த நகரத்தைடா, மிச்சம் என்ன இருக்கு?

பிடிச்சதுன்னா, தபால்காரி படம். நேரத்தை நிறுத்துவாளே, அவ. எல்லாரும் அப்படியே உறைஞ்சு நிப்பாங்க, அவ மட்டும் நிதானமா நடந்து போய்த் துப்பாக்கியைப் பிடுங்கிப் பைக்குள்ள போட்டுக்குவா. மகராசி. உறைஞ்சு போனவ எப்படிக் கத்துவா? மத்தியானத்துக்குள்ள வேலை முடிஞ்சு வீட்டுக்குப் போயிட்டோம்.

ஆனா எல்லாத்துக்கும் மேல ஒண்ணு இருக்கு சார். கண்ணுக்குத் தெரியாதவ படம். கதாநாயகி முகத்தைக் கடைசி வரைக்கும் காட்ட மாட்டாங்க, வெறும் குரல்தான். அதைப் பேச வேண்டியவங்களுக்கு அன்னிக்குக் காய்ச்சல். டைரக்டர் எங்க பக்கம் திரும்பி, யாராவது ஒருத்தர் வாங்கன்னார். மத்த மூணு பேரும் காப்பி குடிக்கப் போயிருந்தாங்க. திறமைன்னு நினைச்சுடாதீங்க.

முதல் நாளே குடும்பத்தோட போனோம். திரையில பேர் போடும்போதே வீட்டுக்காரர் குறட்டை. மகனுக்கு அப்ப ஆறு வயசு. திரையில காலி நாற்காலி, அதுலேர்ந்து நான் பேசறேன். இவன் சீட்டு மேல ஏறி நின்னு, அது எங்கம்மான்னான். முன்சீட்டுக்காரர் திரும்பி, எங்கேப்பா, யாருமே தெரியலையேன்னார். தெரிய மாட்டாங்க, ஆனா இருக்காங்கன்னான். சுத்தி இருந்தவங்க எல்லாம் சிரிச்சாங்க. நான் முந்தானையில மூக்கைச் சிந்தினேன். அந்தச் சத்தத்துலதான் வீட்டுக்காரர் முழிச்சார்.

அப்புறம் என்ன, ஒண்ணும் இல்ல. அந்தம்மாவுக்குக் காய்ச்சல் விட்டுது. ரெண்டாம் பாகத்தை அவங்களே பேசிட்டாங்க, நான் பழையபடி கூட்டம். அதுல அதே கண்ணுக்குத் தெரியாதவ தள்ளி விட்ட சுவர்ல நான் மூணு தடவை நசுங்கினேன்.

தண்ணியெல்லாம் வேண்டாம் சார், உக்காருங்க. தண்ணிக்குப் போற கரகரப்பா இருந்தா நான் ஏன் இங்க வரேன்? ஆறு மாசமா இப்படித்தான். கத்திக் கத்தி வந்துதான்னு டாக்டரைக் கேட்டேன், இல்லேன்னுட்டார். காந்தக் கைக்காரன் மேல பழியைப் போடலாம்னு பாத்தேன், அதுவும் போச்சு.

இவ்வளவு பதிஞ்சா போதுமா? நாளைக்குக் காலைல ஆபரேஷன். குரல்வளையை மொத்தமா எடுத்துடறாங்க. அப்புறம் நான் போன்ல எழுதினா அது என் குரல்லயே பேசும்னு மகன்தான் எங்கயோ விசாரிச்சு, உங்ககிட்ட கூட்டிட்டு வந்தான். கரகரன்னு இருக்கேடான்னேன், இருக்கட்டும்னான். வெளியில பெஞ்சுல பாத்திருப்பீங்க, ஆறடிக்குத் தாடியோட ஒருத்தன்.

இன்னும் ஒண்ணே ஒண்ணு சார். அவனுக்கு வீட்டுல ஒரு பேர் இருக்கு. நான் மட்டும்தான் கூப்பிடுவேன். வெளியாள் காதுல விழுந்தா ஒரு வாரம் முகத்தைத் தூக்கி வச்சுக்குவான். அதை மெஷினை நம்பி விட முடியாது, நானே சொல்லிடறேன். திட்டற மாதிரி ஒண்ணு, தூக்கத்துலேர்ந்து எழுப்பற மாதிரி ஒண்ணு, சும்மா ஒண்ணு. பதியறதை நிறுத்த வேண்டாம். நீங்க அந்த ஹெட்போனை மட்டும் கொஞ்சம் கழட்டி வச்சிடுங்க.