அத்தைக்குத் தூக்கம் வரும் சத்தம்

அத்தை: இல்ல மாப்ளே, இது இல்ல.

மாப்பிள்ளை: இதுவும் இல்லையா அத்தை?

அத்தை: சேத்துல செருப்புப் போட்டு நடக்கிற மாதிரி இருக்கு. சொதக்... சொதக்னு. போன தடவை வந்தப்ப என் பொண்ணு கிடார் வாசிச்சாளே, அது இரும்பு. கேட்டுக்கிட்டே நாற்காலியிலயே தூங்கிட்டேன்.

மாப்பிள்ளை: அவ வாசிச்சது அவளோட ஆம்ப்புல, கிடார் சத்தத்தைப் பெருசாக்குற பெட்டியில. அதைத் தொட்டாலே உறுமும். இது என்னோடது, பழைய ரேடியோவுல இருக்குமே, அந்தக் கண்ணாடி வால்வ் போட்டது. குரலே பழைய காலத்துக் குரல். மெதுவான பாட்டுக்குன்னே செஞ்ச பெட்டி.

அத்தை: அப்ப அவளோடதுலயே வாசிங்களேன்.

மாப்பிள்ளை: அது... ரிப்பேருக்குப் போயிருக்கு.

அத்தை: ஓ. அவளும் ஊர்ல இல்ல, அவ பெட்டியும் ஊர்ல இல்ல.

மாப்பிள்ளை: ஆபீஸ் வேலையா போயிருக்கா அத்தை. ரெண்டு மாசத்துல வந்துடுவான்னு சொன்னேனே.

அத்தை: சொன்னீங்க, சொன்னீங்க.

மாப்பிள்ளை: கையை எடுங்க! கண்கிட்ட கை போகக் கூடாதுன்னு டாக்டர் எத்தனை தடவை சொன்னாரு?

அத்தை: தேய்க்கல மாப்ளே, கட்டு இருக்கான்னு பார்த்தேன். ஒரு கண்ணுல கட்டு, இன்னொரு கண்ணுல புகை. தடவாம வேற என்னதான் பண்றது?

மாப்பிள்ளை: தூங்கணும். ஆபரேஷன் முடிஞ்சு மூணு நாளா கண் அசரவே இல்ல நீங்க. நாளைக்குக் கட்டுப் பிரிக்கும்போது கண்ணு செக்கச்செவேல்னு இருந்தா, அந்த டாக்டர் என்னைத்தான் பிடிச்சுக்குவாரு.

அத்தை: உங்க வீட்ல சத்தமே இல்லையே. எப்படித் தூங்கறது?

மாப்பிள்ளை: ஊர் உலகத்துல எல்லாரும் சத்தம் இல்லைன்னாதான் தூங்குவாங்க.

அத்தை: எல்லாரும் இருபத்தாறு வருஷம் ஆணி ஃபேக்டரியில நின்னாங்களா? சாப்பாட்டு நேரத்துல கம்பிச் சுருள் மேல சாக்கை விரிச்சுச் சாய்ஞ்சேன்னா, அடிச்சுப் போட்ட மாதிரி தூக்கம். பக்கத்துல எட்டு மெஷின் ஓடும். ஏதாவது ஒண்ணு நின்னாத்தான் முழிப்பே வரும். வேலையை விட்டு ரெண்டு வருஷமாச்சு... அன்னைலேர்ந்து முழிச்சுட்டுதான் இருக்கேன்.

மாப்பிள்ளை: சரி, சொல்லுங்க. அந்த மெஷின் எப்படித்தான் சத்தம் போடும்?

அத்தை: நாலு சத்தம். முதல்ல கம்பியைக் கவ்வும். அப்புறம் சுத்தியல் அடிக்கும், ஆணிக்குத் தலை வரும். அடுத்து கத்தி வெட்டும், கூர் வரும். கடைசியா ஆணி தட்டுல விழும். கப்... டம்... சக்... சலங். நிமிஷத்துக்கு இருநூறு ஆணி.

மாப்பிள்ளை: இப்ப நான் வாசிக்கறதுல எது இருக்கு?

அத்தை: டம் மட்டும் இருக்கு. அதுவும் ஊறிப்போன டம்.

மாப்பிள்ளை: ஊறிப்போனதா... இருங்க. பேஸ், அதான் கீழ் சத்தம், ஜாஸ்தி வச்சிருக்கேன் போல. இந்தக் குமிழைக் குறைக்கறேன். ம்... இன்னும் குறைக்கறேன். இப்ப?

அத்தை: இப்ப கொசு.

மாப்பிள்ளை: அத்தை!

அத்தை: நீங்கதானே கேட்டீங்க? சேறு போச்சு, கொசு வந்துடுச்சு.

மாப்பிள்ளை: உங்க பொண்ணு இப்படித்தான் மூஞ்சிக்கு நேரா சொல்லுவா.

அத்தை: என்கிட்ட கத்துக்கிட்டதுதான். அடுத்து என்ன பண்ணப் போறீங்க?

மாப்பிள்ளை: காலால அமுக்குற ஒரு சின்னப் பெடல் இருக்கு. கிடாருக்கும் ஆம்ப்புக்கும் நடுவுல போடலாம். பெடலை உறும விடக் கூடாது, சும்மா பின்னாடிலேர்ந்து தள்ள மட்டும் விடணும். தள்ளுற தள்ளுல வால்வே உறுமும்.

அத்தை: முதுகுல கை வச்சுத் தள்ளுற மாதிரி.

மாப்பிள்ளை: அதேதான்... ஆங். கேட்டீங்களா அத்தை?

அத்தை: சும்மா இருங்க. கேக்குறேன்ல... சுத்தியல் வந்துடுச்சு மாப்ளே. வெட்டு வரல.

மாப்பிள்ளை: உறுமலை இன்னும் கூட்டட்டுமா?

அத்தை: எனக்கு உங்க குமிழெல்லாம் தெரியாது. ஆனா அடிக்கு அடி நடுவுல ஒரு இடம் இருக்கணும். இதுல எல்லாம் ஒண்ணு மேல ஒண்ணு சாயுது. நெரிசல்ல நிக்கிற மாதிரி.

மாப்பிள்ளை: அப்ப... உறுமலைக் குறைக்கணுமா? ஹெவியா வரணும்னா கூட்டணும்னுல்ல நினைச்சேன்.

அத்தை: குறைச்சுத்தான் பாருங்களேன், குமிழ் என்ன கடிச்சுடவா போகுது?

மாப்பிள்ளை: ...அட.

அத்தை: அட!

மாப்பிள்ளை: பாதிக்குக் கொண்டு வந்தேன் அத்தை. குறைச்சதும் இறுகுது!

அத்தை: நான் பக்கத்துல வர்றேன். பெட்டி மேல கை வச்சாத்தான் எனக்குச் சரியாப் புரியும். மேல் சத்தத்துல பாதியை அந்த மெஷின் எப்பவோ தின்னுடுச்சு, கீழ் சத்தத்தைக் கையாலதான் கேக்கணும்... இங்க ஒரு அலமாரி இருந்துச்சே?

மாப்பிள்ளை: அது... சுவருக்குப் பெயிண்ட் அடிக்கணும்னு உள்ள நகர்த்தி வச்சிருக்கேன். மெதுவா. இப்படி உக்காருங்க.

அத்தை: ம். சூடா இருக்கே பெட்டி!

மாப்பிள்ளை: வால்வ் எரியுது. பின்னாடி ஆரஞ்சா ஒரு வெளிச்சம் தெரியும்.

அத்தை: தெரியுது. புகைக்குள்ள விளக்கு வச்ச மாதிரி. அழகா இருக்கு... கொஞ்சம் சத்தமா வைங்களேன்.

மாப்பிள்ளை: வைக்கலாம். இந்த வால்வுக்கும் சத்தம் கூடினாத்தான் உயிரே வரும். ஆனா கீழ்வீட்ல...

அத்தை: பட்டப்பகல்ல என்ன?

மாப்பிள்ளை: சரி. நடக்கிறது நடக்கட்டும்... இதோ.

அத்தை: ஆஹா...

மாப்பிள்ளை: வந்துட்டாரு. கதவைத் தட்டறாரு பாருங்க. இருங்க அத்தை, எந்திரிக்காதீங்க.

கீழ்வீட்டு டெய்லர்: தம்பி, என்ன நடக்குது இங்க? என் மேசையில கத்திரிக்கோல் தானா நடந்து போகுது!

மாப்பிள்ளை: மன்னிச்சுக்குங்க. மாமியாருக்குக் கண் ஆபரேஷன்...

கீழ்வீட்டு டெய்லர்: காதுலயா பண்ணாங்க?

மாப்பிள்ளை: சத்தம் இருந்தாத்தான் அவங்களுக்குத் தூக்கம் வரும்.

கீழ்வீட்டு டெய்லர்: வேடிக்கையா இருக்கே! அன்னைக்கு உங்க வீட்டம்மா சாமான் ஏத்திட்டுப் போனப்பக்கூட இவ்வளவு சத்தம்...

மாப்பிள்ளை: சார்! சார், மெதுவா. அவங்க உள்ளதான் இருக்காங்க.

கீழ்வீட்டு டெய்லர்: ஓ... தெரியாதா?

மாப்பிள்ளை: தெரியாது.

கீழ்வீட்டு டெய்லர்: அடடா... சரி சரி. ஒண்ணு பண்ணுங்க. பெட்டி தரையில நிக்குதா? அடியில மெத்தையைப் போடுங்க. நான் தையல் மெஷினுக்கு அப்படித்தான் வச்சிருக்கேன். அதிர்வு கீழ இறங்காது. நாலு மணி வரைக்கும் எவ்வளவு வேணா வாசிங்க, நான் பொறுத்துக்கறேன்.

மாப்பிள்ளை: ரொம்ப நன்றி சார்.

அத்தை: யாரு மாப்ளே? சாமான் அது இதுன்னு காதுல விழுந்துச்சு?

மாப்பிள்ளை: பக்கத்து பில்டிங்ல யாரோ காலி பண்ணிட்டுப் போனாங்களாம்.

அத்தை: பாவம், யாரோ.

மாப்பிள்ளை: கொஞ்சம் நகருங்க, பெட்டிக்கு அடியில மெத்தையைத் தள்ளணும். உங்க மெத்தைதான், பரவாயில்லையா?

அத்தை: நான் தூங்கறதுக்குத்தானே இவ்வளவு பாடு? என் மெத்தையைப் பெட்டிக்குக் குடுத்துட்டா நான் எங்க தூங்கறது?

மாப்பிள்ளை: சோபாவுல. இப்படிச் சாய்ஞ்சுக்குங்க. கை பெட்டிக்கு எட்டுதா?

அத்தை: எட்டுது. ம், ஆரம்பிங்க.

மாப்பிள்ளை: எப்படி?

அத்தை: பெட்டி சரியாயிடுச்சு. இப்ப உங்க கைதான் பாக்கி.

மாப்பிள்ளை: என் கைக்கு என்ன?

அத்தை: கம்பியைத் தடவிக் குடுக்கறீங்க. பூனைக்குட்டியா அது? மெஷின் முதல்ல கம்பியைக் கவ்வும்னேன்ல... கவ்விட்டுத்தான் அடிக்கும். கவ்வாம அடிச்சா கம்பி நழுவும், ஆணி கோணும்.

மாப்பிள்ளை: கவ்விட்டு... ஓ! உள்ளங்கையைக் கம்பி மேல அழுத்தி வச்சுக்கிட்டே அடிக்கணும். அவ அப்படித்தான் பண்ணுவா. இத்தனை வருஷம் எதிர்லயே உக்காந்து பார்த்திருக்கேன்...

அத்தை: பார்த்தா போதுமா? அடிங்க.

மாப்பிள்ளை: இப்படியா?

அத்தை: பயப்படாம.

மாப்பிள்ளை: இப்படி?

அத்தை: இன்னும்... இன்னும்... ஆங். நிறுத்தாதீங்க. கப், டம், சக்... சலங்கும் வருது மாப்ளே!

மாப்பிள்ளை: வருதா?

அத்தை: நாலும் வருது. நிறுத்தாம வாசிங்க...

மாப்பிள்ளை: வாசிக்கறேன். நீங்க கண்ணை மூடிக்குங்க.

அத்தை: மூடித்தான் இருக்கு... ஷெட்டு தெரியுது.

மாப்பிள்ளை: ஷெட்டா?

அத்தை: கூரையில ஒரு தகரம் கழண்டிருக்கும். அது வழியா ஒரு வெயில் கம்பு இறங்கும். காலையில என் மெஷின் மேல... மத்தியானம் எதிர் மெஷின் மேல. ஆணியெல்லாம் தட்டுல விழும்போது மீன் துள்ளுற மாதிரி மின்னும்...

மாப்பிள்ளை: எதிர் மெஷின்ல யாரு?

அத்தை: ஒத்தைப்பின்னல்னு கூப்பிடுவோம். இருபத்தாறு வருஷம் பேசினோம், அவ குரல் எப்படின்னு எனக்குத் தெரியாது. உதட்டைப் பார்த்தேதான் பேச்சு... அவ சிரிச்சா தோள் குலுங்கும். அதான் சிரிப்பு.

மாப்பிள்ளை: அவ்வளவு சத்தமா...

அத்தை: சத்தம் இல்ல மாப்ளே. அது ஒரு போர்வை. உள்ள போயிட்டா யாரும் நம்மளை ஒண்ணும் கேக்க மாட்டாங்க... பொண்ணு வயித்துல இருந்தப்ப, எனக்கு எம்புட்டு ஆத்திரம், எம்புட்டு அழுகை... மெஷின் பக்கத்துல நின்னு வாய்விட்டுச் சொல்லிடுவேன். யாருக்குக் கேக்கப் போகுது?

மாப்பிள்ளை: வயித்துல இருந்த அவளுக்குக் கேட்டிருக்கும்.

அத்தை: கேட்டிருக்கும்... அதான் இப்படி வாசிக்கறா... கொஞ்சம் மெதுவா... இல்ல, மெதுவா வேணாம்... அப்படியே...

மாப்பிள்ளை: சரி அத்தை.

அத்தை: வெயில் நகருது...

மாப்பிள்ளை: எங்க வரைக்கும் வந்துடுச்சு?

அத்தை: சாக்கு மேல... கால் மேல... கதகதன்னு...

மாப்பிள்ளை: ம்... அத்தை? ...தூங்கிட்டீங்களா?

அத்தை: ...

மாப்பிள்ளை: தூங்குங்க. நிறுத்த மாட்டேன்... ஒண்ணு சொல்லணும் அத்தை. உங்களுக்குக் கேக்காதுன்னுதான் சொல்றேன். அவ ஆபீஸ் வேலையா போகல. போயி நாப்பது நாளாச்சு. ஆம்ப் ரிப்பேர்ல இல்ல, அவகிட்டதான் இருக்கு. அலமாரியும்தான். சண்டையெல்லாம் இல்ல அத்தை. அதான் அவளுக்குக் குறையே. "ஒரு தடவையாவது என்கிட்ட கத்துங்க, கோவப்படுங்க, நான் இருக்கறது உங்களுக்குத் தெரியுதுன்னு காட்டுங்க"ன்னு சொன்னா. நான் வாசல் வரைக்கும் போய் அவ சாமானை ஏத்திக் குடுத்தேன். பத்திரமா போன்னேன். கத்தணும்னு தோணுச்சு... வரல. அடுத்த மாசம் விவாகரத்துப் பேப்பர்ல கையெழுத்துப் போடணும். நீங்க போன் பண்ணி, "ஆபரேஷனுக்கு உங்க வீட்டுக்கு வர்றேன்"ன்னு சொன்னப்ப, வேணாம்னு சொல்ல எனக்கு வாய் வரல. கட்டுப் பிரிச்சதும் வீட்டைப் பார்த்து நீங்களே தெரிஞ்சுக்குவீங்க. அதுக்கு முன்னாடி சொல்லிடணும்னு மூணு நாளா முயற்சி பண்றேன். நான் இனிமே உங்களுக்கு மாப்பிள்ளை இல்ல அத்தை.

அத்தை: ...அவ போன மறுநாளே எல்லாத்தையும் என்கிட்ட சொல்லிட்டா மாப்ளே. "அம்மா, ஆபரேஷனுக்கு அண்ணன் வீட்டுக்குப் போ, அங்க போகாதே"ன்னு அழுதா. அண்ணன்காரனும் டிக்கெட் போட்டுட்டான். நான்தான் வேணாம்னேன். நாலு நாள் கண்ணு தெரியாம கிடக்கப் போறோம், யார் கையைப் பிடிச்சு நடந்தா பயம் இருக்காதுன்னு யோசிச்சேன்... உங்க கைதான் ஞாபகத்துக்கு வந்துச்சு. அதான் வந்தேன். ம்... வாசிங்க.